வானொலிப் பெட்டியும் வாங்குவோர் கணக்கும்

கொழும்பிலே 1883ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கிய தேயிலை ஏல விற்பனை இன்றளவும் நடைபெற்று வருகின்றது. அவ்வேலத்திலே விலை கூறுபவர் விற்பவரல்லர், வாங்குபவரே. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் விளையும் கொழுந்து எத்துணை நேர்த்தியாகப் பறிக்கப்பட்டதாயினும், தொழிற்சாலையில் எத்துணைக் கவனத்துடன் பக்குவப்படுத்தப்பட்டதாயினும், அதற்குரிய விலையைத் தோட்டம் நிர்ணயிப்பதில்லை. ஆனால் அத்தோட்டத்து லயத்திலே வாழும் தொழிலாளி, சம்பளம் பெற்ற பின் நகரத்துக்குச் சென்று ஒரு வானொலிப் பெட்டியையோ கைத்தொலைபேசியையோ வாங்கப் புகும்போது, அங்கே விலைச்சீட்டை ஒட்டி வைத்திருப்பவர் விற்பவரே. தாம் விளைவித்த பொருளுக்கும் விலை கூற மாட்டாதவராய், தாம் வாங்கும் பொருளுக்கும் விலை கூற மாட்டாதவராய் அவர் நிற்கின்றார். பொருளியல் கற்கும் நம் மாணவர்க்கு இதனினும் நல்ல பாடம் வாய்த்தல் அரிது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. விலையைத் தாமே எழுதி ஒட்டும் ஆற்றல் படைத்த மின்னணுப் பொருள் உற்பத்தியாளரே, கடந்த எழுபது ஆண்டுகளாகத் தம் பொருளின் விலையைக் குறைத்துக்கொண்டும், அதன் தரத்தை உயர்த்திக்கொண்டும் வந்துள்ளனர். விலையை உயர்த்த வல்லவர் அதனைக் குறைப்பானேன்? போட்டியே காரணம் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது. அப்போட்டி எவ்விடத்தில் நிகழ்கின்றது, எவ்விடத்தில் நிகழாமற் போகின்றது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

உற்பத்தியாளர் இருவழிகளிற் பொருதுகின்றனர். ஒன்று, பிறர் விற்கும் பொருளையே அவரினும் குறைந்த விலைக்கு விற்றல். மற்றொன்று, அதே விலைக்குப் பிறர் தராத வசதியொன்றைத் தருதல். நூல்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்து உரைக்கும். கடையிலோ இவை இணைபிரியா. குறைந்த விலையை இயலச் செய்வதற்காகவே சில வசதிகள் நீக்கப்படுகின்றன. கூடிய விலையை ஏற்கச் செய்வதற்காகவே சில வசதிகள் சேர்க்கப்படுகின்றன.

மலையகத்துக்கு வானொலி வந்த வரலாற்றை நோக்குவோம். கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு டிசம்பரில் முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்கென அமைக்கப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கையின் உடைமையாயிற்று. 1950ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியபோது, அதன் தமிழ் நிகழ்ச்சிகள் பாக்குநீரிணையைக் கடந்து தென்னகம் எங்கும் ஒலித்தன. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலை அறியாத தமிழ் இல்லம் அந்நாளிற் சிலவே எனலாம். கேட்பதற்குரிய பாடலும் பேச்சும் வானத்திலே நிறைந்திருந்தன. அவற்றைப் பிடித்துத் தரும் பெட்டிதான் தோட்டத்து லயத்திலே இல்லை.

இல்லாமைக்கு விலை ஒரு காரணம். மின்சாரம் இன்மை அதனினும் பெரிய காரணம். இங்கே ஒரு முரணைச் சுட்டாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்வலுவைப் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அத்திட்டத்தின் முதற்பயனாக லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியின் நீர், மின்னாக மாறிக் கம்பி வழியே கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகள் கடந்து சென்ற மலைச்சரிவுகளில் இருந்த லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அம்மின்சாரம் பல பத்தாண்டுகள் எட்டவில்லை. வர்த்தக ஒலிபரப்பும் லக்சபான மின்சாரமும் ஒரே ஆண்டிற் பிறந்தவை. இரண்டும் லயத்தின் தலைக்கு மேலாகவே சென்றன.

ஆகவே லயத்தில் வாழ்ந்தோர்க்கு வானொலி என்பது மின்கலத்தால் இயங்கும் வானொலியே. அந்நாளைய வால்வுப் பெட்டிக்கு அதன் இழைகளைச் சூடாக்க ஒரு மின்கலமும், உயர் அழுத்தம் தர மற்றொரு மின்கலமும் வேண்டியிருந்தன. இரண்டும் விலை மிக்கவை. இரண்டும் விரைவில் தீர்பவை. பெட்டியின் விலை ஒருமுறை கொடுப்பது. மின்கலத்தின் விலையோ பாட்டுக் கேட்கும் காலமெல்லாம் கொடுப்பது. இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் கொள்க. இனி வருவன பலவும் இதனையே பற்றி நிற்பன.

எளியோர்க்கு ஏற்ற மின்கல வானொலியைச் செய்தல் இயலுமா என்ற வினாவுக்கு ஆபிரிக்காவிலே விடை காணப்பட்டது. அந்நாளில் வட ரொடீசியா எனப்பட்டதும் இன்று சாம்பியா எனப்படுவதுமாகிய நாட்டிலே, அரசாங்கத் தகவற் பணிப்பாளராயிருந்த ஹரி பிராங்க்ளின் என்பார், சுரங்கத் தொழிலாளரும் கிராமத்தாரும் வாங்கத்தக்க ஒரு பெட்டியைச் செய்துதருமாறு பிரித்தானிய உற்பத்தியாளரை அணுகினார். பலர் அக்கறை காட்டவில்லை. எவர்ரெடி நிறுவனத்தார் இசைந்தனர். அலுமினியச் சமையற் பாத்திரத்தின் வடிவிலான உறையில் நான்கு வால்வுகளைப் பொருத்தி, நீல வண்ணம் பூசி, 1949ஆம் ஆண்டில் 5 பவுணுக்கு விற்றனர். ‘சோஸ்பான் ஸ்பெஷல்’ என்று அது பெயர் பெற்றது. அழகிய மரப்பேழை இல்லை. ஒளிரும் முகப்பு இல்லை. வேண்டாதவற்றை எல்லாம் நீக்கியமையே அதன் சிறப்பு.

எவர்ரெடியார் மின்கலம் விற்போர் என்பதை மறத்தலாகாது. அப்பெட்டிக்குரிய மின்கலத்தின் விலை 1 பவுண் 5 சிலிங். அது ஏறத்தாழ 300 மணி நேரம் உழைத்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்பவர்க்கு அது நூறு நாள் வரும். ஆண்டொன்றுக்குக் கணக்கிட்டால் மின்கலச் செலவு நாலரைப் பவுணைச் சற்றே தாண்டும். முதலாண்டு முடியுமுன்னரே பெட்டியின் விலையை ஒத்த தொகை மின்கலத்துக்குச் சென்றுவிடுகின்றது. நாம் இதைக் குறையாகக் கூறவில்லை; அப்பெட்டி ஆயிரக்கணக்கானோர்க்கு முதல் வானொலியாய் அமைந்தது. ஆயினும் 5 பவுண் என்ற விலைச்சீட்டு முழு விலையைச் சொல்லவில்லை என்பது வெளிப்படை.

வால்வின் காலத்தை முடித்து வைத்தது டிரான்சிஸ்டர். 1954ஆம் ஆண்டு அக்டோபரில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தாரின் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, அமெரிக்காவிலே ‘ரீஜென்சி டி.ஆர்.1’ என்னும் பெட்டி அறிமுகப்படுத்தப்பட்டது. விலை 49 டொலர் 95 சதம். ஐம்பது என்னும் எல்லைக்குள் விலையை அடக்கும் பொருட்டு, பொறியியலாளர் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையை நான்காகக் குறைத்தனர். ஒலி சற்றே மெலிந்தது. 22½ வோல்ற்று மின்கலம் இருபது மணி நேரமளவே தாங்கியது. எனினும் சட்டைப்பையில் வானொலி என்ற புதுமையே அதனை விற்றது.

அடுத்துப் புகுந்தோர் ஜப்பானியர். பின்னாளிற் சோனி எனப் பெயர் மாறிய சிறு நிறுவனம் 1955இல் தன் முதல் டிரான்சிஸ்டர் வானொலியையும், 1957இல் டி.ஆர்.63 என்பதனையும் வெளியிட்டது. பின்னது ஆறு டிரான்சிஸ்டர் கொண்டது. அமெரிக்காவில் அதன் விலை 39 டொலர் 95 சதம். சட்டைப்பையில் அடங்கும் என்று விளம்பரம் செய்தனர். ஆனால் பெட்டி வழக்கமான பையினும் சற்றே பெரிதாயிருந்தது. பெட்டியைச் சிறிதாக்க இயலாமையால், விற்பனையாளரின் சட்டைப்பையைப் பெரிதாகத் தைப்பித்தோம் என்று அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான அக்கியோ மொரிட்டா தம் வரலாற்றிற் குறித்துள்ளார். வசதிப் போட்டியின் இயல்பை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

அவரே கூறும் மற்றொரு நிகழ்ச்சி விலை பற்றியது. நூற்றைம்பது அளவு கடைகளையுடைய அமெரிக்க வணிகர் ஒருவர் ஐயாயிரம், பத்தாயிரம், முப்பதாயிரம், ஐம்பதாயிரம், ஒரு லட்சம் பெட்டிகளுக்குத் தனித்தனியே விலை கேட்டார். எண்ணிக்கை கூடக் கூட விலை குறையும் என்பதே வழக்கு. மொரிட்டா தந்த பட்டியலிலோ, பத்தாயிரம் வரை விலை இறங்கி, முப்பதாயிரத்தில் ஏறத் தொடங்கி, ஐம்பதாயிரத்தில் தொடக்க விலையையும் கடந்து, ஒரு லட்சத்தில் மிக உயர்ந்திருந்தது. வணிகர் திகைத்தார். காரணம் எளிது. ஒரு லட்சம் பெட்டி செய்யத் தொழிற்சாலையை விரிவாக்க வேண்டும். ஆட்களைச் சேர்க்க வேண்டும். மறு ஆண்டு அவ்வளவு கேள்வி வாராதாயின் அச்செலவு முழுவதும் தலைமேல் விழும். ஆதலின் அச்செலவை அவ்வோர் ஆண்டின் விலையிலேயே அடக்கினார். வணிகர் பத்தாயிரம் வாங்கினார். மொரிட்டா விரும்பியதும் அதுவே. பேரளவு உற்பத்தி எப்போதும் மலிவு என்று எழுதும் நம் தேர்வு மாணவர், ‘ஏலவே தொழிற்சாலை இருக்குமாயின்’ என்ற சொற்களையும் சேர்த்து எழுதுவாராக.

தொழிற்சாலையும் பழக்கமும் ஏற்பட்ட பின்னர் விலை இறங்கும் வேகம் மிகப் பெரிது. ரைட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் விமான உற்பத்தியை ஆராய்ந்து 1936இல் ஒரு விதியைக் கண்டார். செய்து முடித்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும், ஒரு விமானத்துக்குரிய உழைப்புச் செலவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைகின்றது என்பதே அது. கை பழகுகின்றது, கழிவு குறைகின்றது, வேலை முறை திருந்துகின்றது. கோடிக்கணக்கில் ஆக்கப்படும் மின்னணுப் பொருள்களில் இவ்விரட்டிப்பு விரைந்து நிகழ்வதால் விலையும் விரைந்து வீழ்கின்றது. தேயிலைக் கொழுந்துக்கு இத்தகைய வீழ்ச்சி இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து அன்றும் வேண்டும், இன்றும் வேண்டும். பழகிய கை விரைந்து பறிக்கும் என்பது மெய்; ஆயினும் பாட்டியின் கையினும் பேத்தியின் கை இருமடங்கு பறிப்பதில்லை. ஆகையால் ஒரு வானொலியின் விலை எத்தனை நாட் கூலி என்று கணக்கிடின் அது ஆண்டுதோறும் குறைந்தே வந்தது. இது போட்டி தந்த உண்மையான நன்மை. இதனை மறுப்போர் வால்வுப் பெட்டியின் விலையை அறியாதோர்.

இனி, போட்டி தடம் மாறும் இடத்துக்கு வருவோம். 1950களின் இறுதியில் டிரான்சிஸ்டர்ப் பெட்டிகளின் முகப்பிலே ‘6 டிரான்சிஸ்டர்’ என்று பொன்னெழுத்திற் பொறித்தனர். அடுத்தவர் 8 என்று பொறித்தார். மற்றவர் 10 என்றார். எண் மேன்மேலும் ஏறிற்று. எண்ணிக்கை மிகுந்தால் பெட்டி சிறந்தது என்று வாங்குவோர் கருதினர். நல்ல வானொலிக்கு ஆறு, ஏழு டிரான்சிஸ்டர்களே போதுமாயிருந்தன. ஆதலின் சிலர் மிகுதியான டிரான்சிஸ்டர்களை வெறும் ஒருவழி மின்கதவாகப் பயன்படுத்தினர். வேறு சிலர் எவ்வேலையும் செய்யாதபடி பலகையில் ஒட்டியே வைத்தனர். பெட்டியைத் திறந்த பழுது பார்ப்போர்க்கே இவ்வுண்மை தெரிந்தது. மறுபுறத்தில், மூன்றுக்குக் குறைந்த டிரான்சிஸ்டர் கொண்ட பெட்டிகள் விளையாட்டுப் பொருளாகக் கொள்ளப்பட்டுக் குறைந்த தீர்வைக்கு உள்ளாயின. எனவே இரண்டே டிரான்சிஸ்டர் கொண்ட ‘சிறுவர் வானொலி’களும் ஜப்பானிலிருந்து குவிந்தன. ஒரே உறுப்பை ஒரு பக்கம் தேவைக்கு மேலும், மறுபக்கம் தேவைக்குக் கீழும் எண்ணச் செய்தவை முகப்பெழுத்தும் தீர்வைப் பட்டியலுமே, கேட்போரின் செவியன்று.

பொருளைப் பற்றி விற்பவர் அறிந்தது மிகுதியும் வாங்குபவர் அறிந்தது குறைவுமாயின் சந்தை எவ்வாறு கெடும் என்பதை ஜோர்ஜ் அகர்லோவ் என்னும் அறிஞர் 1970இல் பழைய மோட்டார் வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார்; 2001இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார். உள்ளே இருப்பதை அறிய மாட்டாத வாங்குவோர் வெளியே தெரியும் குறியை நாடுவர். அக்குறியைப் பெருக்குவது பொருளைத் திருத்துவதினும் மலிவாயின், உற்பத்தியாளர் குறியையே பெருக்குவர். பித்தளையைத் தேய்த்து நிறம் பார்க்கும் தாய்மாரும் டிரான்சிஸ்டரைத் தேய்த்துப் பார்க்க இயலாதன்றோ!

லயத்து வானொலியில் எழுந்த கேள்வி வேறாயிருந்தது. எத்தனை டிரான்சிஸ்டர் என்பதன்று. எத்தனை நாள் மின்கலம் வரும் என்பதே. டிரான்சிஸ்டர் வால்வினும் மிகக் குறைந்த மின்வலுவையே உண்டமையால் அது மலையகத்துக்கு உண்மையிலேயே பெரும் பேறாய் அமைந்தது. ஆயினும் மின்கலச் செலவு அற்றுப் போகவில்லை. வலுவிழந்த கலங்களை வெயிலிற் காயவைத்து இன்னும் இரண்டொரு மாலைப் பொழுதுகளுக்கு உயிர்ப்பித்தோரும், சிறு பெட்டியின் முதுகிலே பெரிய கலங்களை இறப்பர்ப் பட்டியாற் கட்டி இணைத்தோரும் பலர். தொழிற்சாலைப் பொறியியலாளர் எண்ணாத வசதியைப் பயன்படுத்துவோரே இயற்றிக்கொண்டனர்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் இலங்கையிலேயே வானொலிகள் பொருத்தப்பட்டன. உபாலி விஜேவர்தன அவர்களின் குழுமத்தைச் சார்ந்த ‘யுனிக்’ என்னும் பெயர் அவ்வகையில் நாடறிந்தது. 1977இல் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் ஜப்பானியப் பெட்டிகள் வெள்ளமெனப் புகுந்தன. மலையகத்துப் பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்று திரும்புகையில், ஒலிநாடாக் கருவியும் வானொலியும் ஒன்றாய் இணைந்த பெரும் பெட்டிகளைச் சுமந்து வந்தனர். அக்காலத்தே எண்ணிக்கைப் போட்டி மீண்டும் தலையெடுத்தது. இம்முறை ‘பி.எம்.பி.ஓ.’ என்ற நான்கு எழுத்துக்கள். கணப்பொழுது மட்டும் வெளிப்படக்கூடும் என்று சொல்லப்பட்ட உச்ச வலுவை அது குறித்தது. அதனை அளக்கப் பொதுவான முறை எதுவும் இல்லை. கைப்பிடியளவு ஒலிபெருக்கியின் மேலே ஆயிரம் வாற்று என்று எழுதியிருந்தமையைக் கண்டோர் நம் வாசகருள்ளும் இருப்பர். அத்துணை வலு மெய்யாயின் லயத்தின் தகரக் கூரை தங்கியிராது.

தொலைக்காட்சி 1979 ஏப்ரலிற் சுயாதீனத் தொலைக்காட்சியாகவும், 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியாகவும் வந்தது. ரூபவாஹினியின் பிரதான ஒலிபரப்பி நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதலாகலையின் உச்சியில், 2524 மீற்றர் உயரத்தில், நுவரெலியா நகருக்கு மேலாக நின்றது. ஆயினும் மின்னலை நேர்கோட்டிற் செல்வதாகையால், மலை மறைத்த பள்ளத்தாக்குகளில் மூங்கிற் கம்பத்தை உயர்த்தியே படத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. மின்சாரமோ அப்போதும் பல லயங்களை எட்டவில்லை. சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளின் பின்புறத்தே 12 வோல்ற்று மின்கலத்தைப் பொருத்தற்குரிய ஒரு துளை இருந்தது. விளம்பரத்தில் அதனைப் பெரிதாக எழுதியோர் இலர். மோட்டார் பற்றரியை நகரத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றி மீளும் மக்கள் முதலிற் கேட்டது அத்துளையையே. வாங்குவோர் தேடிய வசதி ஒன்று. உற்பத்தியாளர் முழங்கிய வசதி வேறொன்று.

வீடியோ நாடாவின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். சோனியின் பீட்டாமக்ஸ் 1975இல் வந்தது, ஜே.வீ.சி. நிறுவனத்தின் வீ.எச்.எஸ். 1976இல் வந்தது. முன்னதன் படம் தெளிவானது என்றனர். அதன் முதல் நாடா ஒரு மணி நேரமே ஓடியது. பின்னது இரண்டு மணி நேரம் ஓடியது. வென்றது பின்னதே. நேரத்தோடு வேறு காரணங்களும் உண்டெனினும், ஒரு மணி நேர நாடாவில் நம் தமிழ்ப் படம் இடைவேளையையும் எட்டாது என்பதை எண்ணினால் அம்முடிவு வியப்பளிக்காது.

ஹற்றன் பிரதான வீதியில் நடந்து செல்வோர் கடைகள் பலவும் ஏறத்தாழ ஒரே வகைப் பெட்டிகளை, ஏறத்தாழ ஒரே விலையில் அடுக்கியிருப்பதைக் காணலாம். இஃது ஏன்? ஹரல்ட் ஹொட்டலிங் என்பார் 1929இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு விடை உண்டு. ஒரு நீண்ட வீதியில் இரு கடைக்காரர் இடம் தேடுவாராயின், வாடிக்கையாளர்க்கு நன்மை பயப்பது அவ்விருவரும் வீதியின் இருபகுதிகளிற் பிரிந்திருத்தலே. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவரின் வாடிக்கையாளரை ஈர்க்க எண்ணி நடுவை நோக்கி நகர்வர்; ஈற்றில் இருவரும் நடுவில் அருகருகே நிற்பர். வீதியின் ஓரத்தில் வாழ்பவர்க்கு இரண்டு கடைகளும் தொலைவே. வசதிப் போட்டியும் அத்தகையதே. உலகச் சந்தையின் நடுவில் இருப்போர் நகரத்து வருமானக்காரர், மின்சாரம் உடையோர். உற்பத்தியாளர் யாவரும் அவரை நோக்கியே நெருங்குகின்றனர். லயம் வீதியின் ஓரத்தில் உள்ளது.

ஓரத்தை நோக்கி வந்த பொருள் ஒன்று பெரு வெற்றி பெற்றதும் உண்டு. தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையிற் செல்டெல் நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. ஆயினும் எளியோர் கையில் அக்கருவி தவழச் சில காலம் சென்றது. 2003இல் நோக்கியா நிறுவனத்தார் 1100 என்னும் கருவியை வெளியிட்டனர். நிழற்படக் கருவி இல்லை. வண்ணத் திரை இல்லை. தூசி புகாத விசைப்பலகை, வழுக்காத பக்கங்கள், பல நாள் தாங்கும் மின்கலம், தலைப்பிலே ஒரு சிறு கைவிளக்கு ஆகியவை இருந்தன. இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்ற அது உலகில் மிகுதியாக விற்ற மின்னணுக் கருவிகளுள் ஒன்று. விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்குவோர்க்கு அவ்விளக்கு எத்தகைய துணை என்பதைத் தோட்டத்திற் பிறந்த பழைய மாணவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கழனிகளிலும் கிராமங்களிலும் வாழ்வோரை உற்பத்தியாளர் சென்று நோக்கியமையின் பயன் அது. போட்டியால் நன்மை விளையாது என்போர்க்கு அக்கருவியே மறுமொழி.

இனித் தவணையைப் பற்றிச் சிறிது உரைப்போம். சிங்கர் நிறுவனம் தையற் பொறியுடன் 1877இல் இலங்கைக்கு வந்தது. தவணை முறையில் விற்றலை அது உலகெங்கும் பரப்பியது. பின்னர் வானொலி, தொலைக்காட்சி, குளிரூட்டி யாவும் அம்முறையிலே விற்கப்படலாயின. ரொக்கம் திரட்ட மாட்டாதவர்க்கு இது பேருதவி. ஆயினும் கணக்கை அறிந்து வாங்குதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட் சம்பளம் 1350 ரூபா. கணக்கின் பொருட்டு ஒரு கருவியின் ரொக்க விலையை 54,000 ரூபா எனக் கொள்வோம். அது 40 நாட் சம்பளம். அதனையே முற்பணமின்றி மாதம் 5,400 ரூபாவாகப் பன்னிரண்டு தவணையிற் செலுத்தினால் மொத்தம் 64,800 ரூபா. 48 நாட் சம்பளம். மிகுதி எட்டு நாள். வட்டி இருபது சதவீதம்தானே என்று தோன்றும். அன்று. கடன் மாதந்தோறும் குறைந்து வருகையில், வட்டி மட்டும் தொடக்கத் தொகைக்கே கணிக்கப்பட்டுள்ளது. முறைப்படி கணித்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 35 சதவீதம் ஆகும். நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். மாத வட்டி மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

கடையின் கண்ணாடிப் பேழைக்குள் போட்டி கடுமையாக நிகழ்கின்றது. தவணைப் பத்திரத்தில் அது மெலிகின்றது. மின்கலத்திலும் பழுது பார்த்தலிலும் இன்னும் மெலிகின்றது. காரணம், வாங்குபவர் பேழைக்கு முன் நிற்கையில் பல கடைகளை ஒப்பிடுகின்றார். வாங்கிய பின்னர் அவர் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுண்டவர். கண்ணுக்குத் தெரியும் விலையில் இழந்ததைக் கண்ணுக்குத் தெரியாத விலையில் மீட்டல் உற்பத்தியாளர்க்கு எளிது. 2018 ஏப்ரலில் சீன நாட்டுச் சியோமி நிறுவனத்தார், தம் கருவிகளின் நிகர இலாபம் ஐந்து சதவீதத்தை ஒருபோதும் தாண்டாது என்று அறிவித்தனர். தயாள குணம் என்று கருத வேண்டா. கருவி கைக்கு வந்த பின்னர் அதில் தோன்றும் விளம்பரமும் இணையச் சேவையுமே அவர்க்கு இலாபம் தருவன. எவர்ரெடியார்க்கு மின்கலம் எதுவோ, இவர்க்கு இவை அவை.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கல்ல என்பதை 2020ஆம் ஆண்டு உணர்த்திற்று. மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வரத் தொடங்கின. அதுவரை பொழுதுபோக்காய் இருந்த கருவி ஒரே நாளிற் பாடநூலாயிற்று. தோட்டத்து இல்லமொன்றில் ஒரு கருவி இருப்பின் அது பெரும்பாலும் வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப்பையில் இருந்தது. பிள்ளைகளோ இருவர் மூவர். அலை கிடைக்கும் மேட்டைத் தேடி மழையில் ஏறியோரும் உண்டு. அவர்க்கு வேண்டியவை மூன்றே: எழுத்துத் தெளிவாகத் தெரியும் திரை, மங்கிய அலையையும் பிடிக்கும் திறன், மாலை வரை தாங்கும் மின்கலம். அக்கருவிகளின் பெட்டிகளிலோ எத்தனை மெகாபிக்சல், எத்தனை நிழற்படக் கண் என்பனவே பெரிதாக எழுதப்பட்டிருந்தன. ஆறு, எட்டு, பத்து என்று ஏறிய டிரான்சிஸ்டர் எண்ணிக்கையின் மறுபிறப்பு அது. மலையகத்துப் பிள்ளை அக்கண்கள் நான்கிற்கும் விலை கொடுத்து, கரும்பலகையை ஒரு கண்ணாற் பார்த்தது.

2022இல் வேறொரு பாடம் வந்தது. மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. எந்த உற்பத்தியாளரும் விலையை உயர்த்தவில்லை. எனினும் ஹற்றனில் விலைச்சீட்டுகள் மாறின. நாட் சம்பளமோ 2021இல் நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாவிலே நின்றது. தேயிலை டொலரில் விலைபோகும் பொருள். ஏலத்தில் அதன் ரூபா விலை உயர்ந்தது. கொழுந்து பறித்த கைக்கு அவ்வுயர்வு அதே வேகத்தில் வந்து சேரவில்லை.

அண்மைக் காலத்தில் புதுக் கருவிகள் பலவற்றின் முதுகு ஒட்டி மூடப்பட்டு வருகின்றது. இறப்பர்ப் பட்டியால் மின்கலத்தைக் கட்டிய கை அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. மின்கலம் நலியின், கருவியையே மாற்ற நேர்கின்றது. அல்லது பழுது பார்ப்பவர் சூடு காட்டிப் பிரித்தல் வேண்டும். வெறும் போட்டியால் இது திருந்தாது என்று கண்ட ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தை நாடிற்று. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் கைத்தொலைபேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றுத் துளை இருத்தல் வேண்டும் என்றும், 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோர் தாமே கழற்றி மாற்றத்தக்கதாய் அமைத்தல் வேண்டும் என்றும், சில விலக்குகளுடன், விதித்துள்ளது. உற்பத்தியாளர்க்கு ஐரோப்பாவுக்கென ஒரு கருவியும் ஏனையோர்க்கென வேறொரு கருவியும் செய்தல் செலவு மிக்கது. ஆதலின் அங்கு விதிக்கப்பட்டது இங்கும் வந்து சேரக்கூடும். மலிவான கருவிகளை ஐரோப்பாவிற் சிறிதும் விற்காத நிறுவனங்களும் உள. அவற்றின் பெட்டிகளே ஹற்றன் கடைகளில் முன்வரிசையில் நிற்பன.